மூன்று நிமிட மௌனம்

கடலில் ஆபத்துக்கு மூன்று படிகள் உண்டு. உயிர் போகும் நிலை என்றால் 'மேடே'. உயிருக்கு உடனே ஒன்றுமில்லை, ஆனால் உதவி இல்லாமல் சமாளிக்கவும் முடியாது என்றால் 'பான் பான்'. வழியில் மிதக்கும் பெருமரம், அணைந்துபோன விளக்குமிதவை, வரப்போகும் சூறைக்காற்று, இவற்றைப் பிறருக்குச் சொல்லிவைக்க 'செக்யூரிட்டே'. எதுவானாலும் மூன்று முறை சொல்ல வேண்டும். யாங்கோனில் கப்பல் வேலைக்குப் படிக்கிற பையன்கள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்த மூன்றையும் ஒப்பிப்பார்கள்.

ஆங்கிலம் என்று சொல்லித்தான் கற்றுக்கொடுக்கிறார்கள். மூன்றும் பிரெஞ்சிலிருந்து வந்தவை. 1920-களில் லண்டனை அடுத்த கிராய்டன் விமான நிலையத்தில் வயர்லெஸ் அதிகாரியாக இருந்தவர் ஃபிரடெரிக் மாக்ஃபோர்ட். விமானிக்கும் தரையில் இருப்பவனுக்கும் சட்டென்று புரிகிற ஓர் அபயக் குரல் வேண்டும் என்று அவரைக் கேட்டார்கள். அங்கிருந்து பறந்த விமானங்கள் பெரும்பாலும் பாரிஸ் போய்வந்தவை. 'எனக்கு உதவு' என்கிற பிரெஞ்சுப் பேச்சை ஆங்கில நாக்குக்கு வளைத்து 'மேடே' ஆக்கினார். 1927-இல் வாஷிங்டனில் கூடிய வானொலி மாநாடு அதை ஏற்றுக்கொண்டது. அவ்வளவுதான் அதன் கதை.

*

எனக்குத் தெரிந்த ஒரு பையன். பூட்டன் காலத்தில் சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். வீட்டில் தமிழ், படி இறங்கினால் பர்மியம். பர்மிய நாக்கு ஆங்கிலச் சொல்லின் கடைசி மெய்யை விழுங்கிவிடும். தமிழ் நாக்கு அதற்கு ஓர் உகரத்தைச் சேர்த்துக்கொள்ளும். இவன் இரண்டுக்கும் நடுவில் நின்று 'ஷிப்' என்ற ஒரே சொல்லோடு மல்லுக்கட்டுவான்.

"மாமா, நீளமா பேசக் கூடாதாம். சொல்லப்போறது கேள்வியா, எச்சரிக்கையா, கட்டளையான்னு மொதல்ல சொல்லிட்டுத்தான் விஷயத்துக்கு வரணும்."

சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2001-இல் ஏற்றுக்கொண்ட கப்பல் பேச்சுத் தொகுப்பு அது. கட்டளை, அறிவுரை, எச்சரிக்கை, தகவல், கேள்வி, பதில், வேண்டுகோள், உத்தேசம் என்று எட்டுத் தலைப்புகள். குழப்பம் வரக்கூடிய இடத்தில், பேசுகிறவன் முதலில் தலைப்பைச் சொல்லி, பிறகு வாக்கியத்தைச் சொல்கிறான். எண்களை ஒவ்வோர் இலக்கமாகப் பிரித்துச் சொல்ல வேண்டும். பிலிப்பைன்ஸ்காரனும் உக்ரைன்காரனும் மியான்மர்காரனும் ஒரே கப்பலில் இருக்கும்போது, தொனியை நம்பி யாரும் எதையும் விட்டுவிடக் கூடாது என்பதற்காக.

வீட்டில் இப்படிப் பேசிப் பார்த்தால் எப்படியிருக்கும் என்று யோசித்தேன். பாதிச் சண்டைகள் குறையும். நாம் கேள்வியை எச்சரிக்கை போலவும் கட்டளையை வேண்டுகோள் போலவும் பேசிப் பழகியவர்கள்.

*

மேடே செய்திக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. கப்பலின் பெயர். இருக்கும் இடம். என்ன ஆயிற்று. என்ன உதவி வேண்டும். கப்பலில் எத்தனை பேர். முடிந்தது. 'ஐயோ' கிடையாது. எப்படி ஆயிற்று, யாரால் ஆயிற்று என்பதும் கிடையாது. ஒப்பாரியில் வளர்ந்த நமக்கு இது கொஞ்சம் கல்நெஞ்சமாகத் தெரியும். நாம் துக்கத்தைப் பிறந்த கதையிலிருந்து தொடங்குவோம், பெண் கேட்டு வந்த நாளைச் சொல்வோம், சீர் வைத்ததைச் சொல்வோம். கடலில் அதற்கெல்லாம் பேட்டரி போதாது.

எப்போது 'பான் பான்' 'மேடே' ஆகிறது என்பதுதான் கடினமான கேள்வி. இயந்திரம் நின்ற கப்பல் அமைதியான கடலில் முதல் வகை. அதே கப்பல் பாறையை நோக்கி ஒதுங்க ஆரம்பித்தால் இரண்டாம் வகை. நடுவில் எங்கோ ஒரு நிமிடம் கோட்டைத் தாண்டுகிறது. அந்த நிமிடத்தைக் கண்டுகொள்ள வேண்டியவர் கேப்டன். அபயச் செய்தி அவர் அதிகாரத்தில்தான் போக வேண்டும். கேப்டன்கள் தாமதிப்பதுண்டு. மானப் பிரச்சினை.

*

மேடே என்று ஒரு கப்பல் கூப்பிட்டுவிட்டால், உதவிக்கு வராத மற்ற எல்லோரும் அந்த அலைவரிசையில் வாயை மூடிக்கொள்ள வேண்டும். மீறிப் பேசுகிறவனை அடக்க 'சீலோன்ஸ் மேடே' என்று ஒரு கட்டளையே உண்டு. ஆபத்து தீர்ந்ததும் 'சீலோன்ஸ் ஃபீனி' என்பார்கள். இனிப் பேசலாம்.

யாரும் கூப்பிடாதபோதும் காத்த மௌனம் ஒன்று இருந்தது. மோர்ஸ் தந்தி நாட்களில் கப்பலின் ரேடியோ அறையில் ஒரு கடிகாரம் தொங்கும். அதன் முகத்தில் 15-லிருந்து 18 வரையும் 45-லிருந்து 48 வரையும் சிவப்பு வர்ணம். முள் அந்தச் சிவப்புக்குள் இருக்கிற வரை 500 கிலோஹெர்ட்ஸில் எந்தக் கப்பலும் தந்தி தட்டக் கூடாது, எங்காவது மெலிந்த குரலில் எவனாவது கூப்பிடுகிறானா என்று கேட்க மட்டும் வேண்டும். பேச்சு அலைவரிசைக்கு வேறு நேரம், பச்சை வர்ணம். மணிக்கு இருமுறை, மூன்று மூன்று நிமிடம், வங்காள விரிகுடாவிலும் அட்லாண்டிக்கிலும் ஒரே சமயத்தில் எல்லோரும் கையை எடுத்துவிட்டுக் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மனிதர்கள் சேர்ந்து செய்த காரியங்களில் இதற்கு இணையாக எனக்கு அதிகம் தோன்றவில்லை. 1999 பிப்ரவரி 1-இல் செயற்கைக்கோளும் தானியங்கிக் கருவிகளும் முழுவதுமாக அந்த இடத்துக்கு வந்தன. இப்போது மூடி போட்ட சிவப்புப் பொத்தான் இருக்கிறது. கடிகாரங்கள் பழம்பொருள் கடைகளுக்குப் போய்விட்டன.

பேசிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்பதை 1912 ஏப்ரல் 14 இரவு காட்டியது. அருகில் நின்ற கலிஃபோர்னியன் என்ற கப்பல், பனிக்கட்டி சூழ்ந்து நின்றுவிட்டதாக டைட்டானிக்குக்குச் சொல்ல முயன்றது. பயணிகளின் தந்திகளைக் கரைக்கு அனுப்பிக்கொண்டிருந்த டைட்டானிக் ஆபரேட்டர், வாயை மூடு, வேலையாக இருக்கிறேன் என்று வெட்டிவிட்டார். கலிஃபோர்னியனில் இருந்தது ஒரே ஓர் ஆபரேட்டர். அவர் கருவியை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டார். டைட்டானிக் கூப்பிட்டபோது மிக அருகில் இருந்த காது உறங்கிக்கொண்டிருந்தது.

*

ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். 1914 செப்டம்பர் 22 இரவு அது சென்னைத் துறைமுகத்தைக் குண்டால் அடித்தது. எரிந்தவை பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள். அந்தக் கம்பெனியின் சுத்திகரிப்பு ஆலை யாங்கோனுக்கு எதிர்க்கரையில், இன்று தன்லின் எனப்படும் சிரியத்தில் இருந்தது. பர்மா எண்ணெயின் நெருப்பைச் சென்னை பார்த்தது. பிறகு தமிழில் கெட்டிக்காரனும் முரடனும் 'எம்டன்' ஆனார்கள்.

அந்த எம்டனின் முடிவுக்கு வழிவகுத்தது ஒரு தந்தி. நவம்பர் 9-இல் கோகோஸ் தீவுகளின் தந்தி நிலையத்தை அழிக்க ஆட்களை இறக்கியது. அவர்கள் கம்பிகளை வெட்டுவதற்குள், முகப்பில் அறியாத கப்பல் நிற்கிறது என்று நிலையத்தார் அபயச் செய்தி அனுப்பிவிட்டார்கள். எம்டன் தன் வயர்லெஸால் இரைச்சல் எழுப்பி அதை மறைக்கப் பார்த்தது. முடியவில்லை. ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி கேட்டுவிட்டு வந்தது. ஊரே நடுங்கிய கப்பல் அன்றைக்கே கரையில் ஏறிக் கிடந்தது.

*

கடலில் அவசரநிலையை அறிவிக்கிறவன் மூழ்கிக்கொண்டிருப்பவன். அவன் அறிவித்ததும் மற்றவர்கள் மௌனமாகிறார்கள்.

2021 பிப்ரவரி 1 அன்று மியான்மரில் அவசரநிலையை அறிவித்தது, அன்று விடியுமுன் தலைவர்களைக் கைதுசெய்த ராணுவம். அரசியல் சட்டத்தின் 417-ஆம் பிரிவு, ஒரு வருஷத்துக்கு. மௌனம் மற்றவர்களுக்கு விதிக்கப்பட்டது. பிப்ரவரி 8-இல் யாங்கோனில் ஐந்து பேருக்கு மேல் கூடக் கூடாது என்றும், இரவு 8 மணி முதல் காலை 4 வரை வெளியே வரக் கூடாது என்றும் உத்தரவு வந்தது. பிரிவு 144. நம் ஊரில் கலவரத்துக்குப் போடுகிற அதே 144 தான். வெள்ளைக்காரன் 1898-இல் எழுதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் அந்த எண் இரண்டு பக்கமும் தங்கிவிட்டது. இந்தியாவில் 2024-இல் அந்த எண் 163 ஆகிவிட்டது. டீக்கடையில் இன்னும் 144 தான்.

ஆனால் இரவு 8 மணி வேறு ஒன்றுக்காகவும் நினைவில் நிற்கிறது. பிப்ரவரி 2-லிருந்தே அந்த நேரத்துக்கு மக்கள் பால்கனிகளில் நின்று சட்டி, பானை, தட்டு, தகரம், கையில் கிடைத்ததையெல்லாம் தட்டினார்கள். கெட்ட ஆவியை வீட்டிலிருந்து விரட்ட பர்மியர்கள் பழங்காலமாகச் செய்கிற வழக்கம். நகர மையத்துச் சந்துகளில் வீடுகள் முகத்துக்கு முகம் நிற்கும். பால்கனியிலிருந்து தெரு வரை கயிறு தொங்கும், நுனியில் கிளிப், மேலே ஒரு மணி, பேப்பர்காரன் இழுத்தால் ஒலிக்கும். அந்தக் கயிறுகளுக்கு மேலே அத்தனை வீடும் சேர்ந்து தட்டிய ஓசையைக் கேட்டவர்கள், அது காதால் கேட்டது அல்ல, மார்பில் விழுந்தது என்கிறார்கள்.

மார்ச் 24 அன்று வேறு வழி எடுத்தார்கள். கடை இல்லை, வண்டி இல்லை, நடமாட்டம் இல்லை. மௌன வேலைநிறுத்தம். அடுத்த ஆண்டு பிப்ரவரி 1-க்கு மீண்டும் அப்படிச் செய்ய அழைப்பு வந்தபோது, கடை அடைப்பதும் பாத்திரம் தட்டுவதும் குற்றம் என்று அரசு முன்கூட்டியே எச்சரித்தது. ஓசைக்கும் தண்டனை, ஓசையின்மைக்கும் தண்டனை.

ஒரு வருஷத்துக்கு என்று சொன்ன அவசரம் 2025 ஜூலை 31 வரை நீண்டது. நான்கரை வருஷம். ஆறு ஆறு மாதமாக நீட்டிக்கப்படும் ஒன்றை அவசரம் என்று அழைப்பதில் யாருக்கும் கூச்சம் வரவில்லை.

*

2024 பிப்ரவரி 10-இல் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை அமலாக்கினார்கள். ஆண்களில் 18 முதல் 35 வயது. யாங்கோனில் தூதரகங்களின் முன் வரிசைகள் வளைந்து நின்றன. பையன் கப்பலுக்குப் படிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அதை அவன் சொல்வதில்லை, அவன் அம்மா சொன்னார். "தண்ணியில போனா கூப்புட ஒரு சேனலாவது இருக்குல்ல தம்பி."

சேனல் 16. இருபத்துநான்கு மணி நேரமும் எல்லாக் கப்பலும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியது.

*

1941-இல் ரங்கூனில், அதாவது இன்றைய யாங்கோனில், பாதிக்கு மேல் இந்தியர்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், தெருக் கூட்டியவர்கள், மலம் அள்ளியவர்கள், ரிக்‌ஷா இழுத்தவர்கள், மொகல் தெருவில் வட்டிக்கடை வைத்திருந்த செட்டியார்கள், அவர்களின் கணக்குப்பிள்ளைகள். டிசம்பர் 23 காலை ஜப்பானிய விமானங்கள் வந்தபோது ஜனங்கள் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். விமானம் என்றால் வேடிக்கை என்பது வரைதான் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அன்று ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். கிறிஸ்துமஸ் அன்று மறுபடியும் குண்டு விழுந்தது.

தொழிலாளிகள் இந்தியாவை நோக்கிப் புரோம் சாலையில் கிளம்பிவிட்டார்கள். இங்கேதான் அரசாங்கத்தின் அவசரமும் ஜனங்களின் அவசரமும் முட்டிக்கொண்டன. கூலிகள் போனால் கப்பலில் இருந்து சரக்கு இறங்காது, தோட்டிகள் போனால் நகரம் நாறும். திரும்பி வாருங்கள், ஆபத்து இல்லை என்று சமாதானம் சொன்னார்கள். பலர் நம்பித் திரும்பினார்கள். பிப்ரவரியில் அதே அரசாங்கம் நகரைக் காலி செய்யச் சொன்னது. மார்ச் 8-இல் ஜப்பானியர் உள்ளே வந்தார்கள். முதல் குண்டு விழுந்தபோதே போயிருந்தால் கோடைக்கு முன் மலையைத் தாண்டியிருப்பார்கள். இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. எண்பது வருஷம் பழைய கோபம், யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை.

பிறகு நடை. டவுங்குப் கணவாய் வழியே அரக்கான், அங்கிருந்து சிட்டகாங். அல்லது மேலே மாண்டலே போய், கலேவா, தமு, இம்பால். அதையும் விட்டால் ஹுக்காவுங் பள்ளத்தாக்கு வழியே லெடோ. காலரா, பிறகு மழை, பிறகு சேறு. வெள்ளையருக்கு ஒரு பாதை, கறுப்பருக்கு ஒரு பாதை என்ற புகார் டில்லி வரை போனது. கிளம்பியவர்கள் நான்கு ஐந்து லட்சம் என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். வழியில் இறந்தவர்களைப் பத்தாயிரம் என்றும் சொல்கிறார்கள், ஐம்பதாயிரம் என்றும் சொல்கிறார்கள். இரண்டு எண்ணுக்கும் நடுவில் நாற்பதாயிரம் பேர் இருக்கிறார்களா இல்லையா என்பதே தெரியாமல் கிடக்கிறது. மேடே செய்தியின் கடைசி வரி நினைவுக்கு வருகிறது: கப்பலில் எத்தனை பேர். இவர்களை ஏறும்போதும் எண்ணவில்லை.

நடந்தவர்களில் ஒருவர் வெ. சாமிநாத சர்மா. 1937-லிருந்து ரங்கூனில் 'ஜோதி' பத்திரிகையை நடத்தியவர். பிளேட்டோவையும் ரூஸோவையும் தமிழுக்குக் கொண்டுவந்தவர், மனைவி மங்களத்தோடு அந்த வழியே வந்து சேர்ந்தார். அனுபவத்தைப் 'பர்மா வழிநடைப் பயணம்' என்று எழுதியும் வைத்தார். மற்றபடி இந்த நடை தமிழில் வெகுஜனங்களுக்குத் தெரிந்தது 'பராசக்தி' படத்தால்தான். கப்பலில் ஒரே டிக்கெட் கிடைக்கிறது, தம்பி முன்னால் வருகிறான், அண்ணன்மார் பின்னால் நடந்து வருகிறார்கள். 1952-இல் வந்த அந்தப் படத்தின் கோர்ட் வசனம் எல்லோருக்கும் மனப்பாடம். நடையை மறந்துவிட்டோம்.

*

பையனின் அப்பத்தாவுக்கு 1942 கேள்விப்பட்டதுதான். அவர் பார்த்தது 'கடை எடுத்த வருஷம்'. 1964 மார்ச்சில் கடைகளை அரசுடைமை ஆக்கினார்கள். மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். குண்டு இல்லை, சங்கு ஊதவில்லை. லட்சக்கணக்கானோர் கப்பலேறினார்கள். இவர் குடும்பம் ஏறவில்லை. ஏன் என்று கேட்டேன். "போறதுக்கும் காசு வேணும்ல" என்றார்.

*

2008 மே 2 இரவு நர்கீஸ் புயல் ஐராவதி டெல்டாவில் கரையேறியது. விடிவதற்குள் யாங்கோன் தன் பெருமரங்களில் பெரும்பகுதியை இழந்திருந்தது. டெல்டாவில் கடல் ஊர்களுக்கு மேல் ஏறிப்போனது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் சுமார் 1,38,000. இந்திய வானிலைத் துறை 48 மணி நேரம் முன்பே எச்சரித்ததாகச் சொன்னது. எச்சரிக்கை வந்து சேர்வது ஒன்று, கரையோரக் குடிசைக்குப் போய்ச் சேர்வது இன்னொன்று. 2017-இல் ஒக்கிப் புயல் அடித்தபோது குமரி மாவட்டத்து மீனவர்கள் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தார்கள், அவர்களுடைய வயர்லெஸ் எட்டாத தூரத்தில்.

நர்கீஸுக்குப் பிறகு அமெரிக்க, பிரெஞ்சுக் கப்பல்கள் அரிசியும் மருந்தும் ஹெலிகாப்டர்களுமாகக் கரைக்கு வெளியே நின்றன. ராணுவ அரசு உள்ளே விடவில்லை. உதவிக்கு வந்தவர்கள் பாங்காக்கில் விசாவுக்குக் காத்திருந்தார்கள். மே 10-இல் புதிய அரசியல் சட்டத்துக்குப் பொதுவாக்கெடுப்பு நடந்தது. யாங்கோனுக்கும் டெல்டாவின் பல ஊர்களுக்கும் மட்டும் 24-ஆம் தேதி. 92 சதவீதத்துக்கு மேல் ஆதரவு என்று அறிவித்தார்கள். பின்னாளில் அவசரநிலைக்குப் பயன்பட்ட 417-ஆம் பிரிவு அந்தச் சட்டத்தில்தான் இருக்கிறது. பிணங்கள் வாய்க்கால்களில் மிதந்துகொண்டிருந்த மாதத்தில் ஓட்டுப் போடப்பட்டது.

*

பாடத்தில் இன்னொன்று உண்டு, 'மேடே ரிலே'. ஒரு கப்பலின் குரல் மெலிந்துபோய் யாருக்கும் எட்டவில்லை, உனக்கு மட்டும் கேட்கிறது. அல்லது அது கூப்பிடவே முடியாத நிலையில் கிடக்கிறது, நீ பார்க்கிறாய். அப்போது அதன் சார்பில் நீ கூப்பிட வேண்டும். உன் கப்பலுக்கு ஒன்றுமில்லை என்பதைத் தெளிவாகச் சொல்லி, அதன் நிலையைச் சொல்லி, பதில் வரும் வரை.

நர்கீஸ் முடிந்த நாட்களில் யாங்கோன்காரர்கள் கையில் இருந்ததை வண்டிகளில் ஏற்றிக்கொண்டு டெல்டாவுக்குப் போனார்கள். அவர்களில் ஒருவர் ஸர்கனார். படிப்பால் பல் மருத்துவர், பிழைப்பால் நகைச்சுவைக் கலைஞர். பர்மியத்தில் அந்தப் பெயருக்குச் சாமணம் என்று பொருள். நூற்றுக்கணக்கான தொண்டர்களைச் சேர்த்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார். அங்கே என்ன நிலை, எத்தனை ஊருக்கு இன்னும் யாரும் போகவில்லை என்று வெளிநாட்டு வானொலிகளிடம் சொன்னார். ஜூன் 4 அன்று கைதுசெய்தார்கள். நவம்பரில் தீர்ப்பு வந்தது, இரண்டு தவணையாக மொத்தம் 59 ஆண்டு. மேல்முறையீட்டில் 35 ஆக்கினார்கள். வடக்கே மிட்சினா சிறையில் போட்டார்கள், டெல்டாவிலிருந்து எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரத்தில். 2011 அக்டோபரில் விட்டார்கள்.